கார்ன்டன் மாளிகை: ஃபிராங்க்ளின் போரைத் தரைப்பலகையில் பார்க்க விரும்புவோருக்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஃபிராங்க்ளின் என்ற ஊர் உள்ளது. அதன் தென்கிழக்கு ஓரத்தில் நிற்கும் கார்ன்டன் என்னும் செங்கல் மாளிகை, உள்நாட்டுப் போருக்கு முன்பு அடிமை உழைப்பால் நடந்த ஒரு பெரும் பண்ணையின் தலைமை வீடு. 1864 நவம்பர் 30 அன்று அந்தி சாயும் வேளையில் தொடங்கிய சண்டை முடிவதற்குள் அது தென்படையின், அதாவது அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுடைய படையின், மருத்துவமனையாகிவிட்டது. இன்று ஓர் அறக்கட்டளை அதை அருங்காட்சியகமாக நடத்துகிறது. கட்டணம் செலுத்தி, வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே போய்ப் பார்க்க முடியும். போர் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் மட்டுமல்லாமல், அமெரிக்க அடிமைமுறை எப்படிப்பட்ட வீடுகளைக் கட்டி எழுப்பியது என்று அறிய விரும்புவோரும் இங்கே அவசியம் போகலாம். ஆனால் அவசரமாகப் போய்விட்டுத் திரும்ப நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஏற்றதன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டைக் கட்டியவர் ராண்டல் மெக்கவக். நாஷ்வில் நகரத்தின் மேயராக இருந்துவிட்டு, 1826-இல் இந்த மாளிகையை எழுப்பினார். அயர்லாந்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்தில் தம் தந்தை பிறந்த ஊரின் பெயரையே வீட்டுக்கும் சூட்டினார். 1843-இல் அவர் இறந்தபின் மகன் ஜான் பொறுப்பேற்றார். 1840களின் பிற்பகுதியில் உயர்ந்த தூண்களோடு கூடிய இரண்டடுக்கு முகப்பைச் சேர்த்து, எளிய செங்கல் வீட்டுக்குக் கிரேக்கக் கோயிலின் சாயலைக் கொடுத்தார். 1848 டிசம்பரில் லூசியானாவின் பெரும் பண்ணைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த கேரி விண்டரை மணந்தார். பருத்தியைப் பெரிதும் நம்பாமல், கோதுமை, சோளம், ஓட்ஸ், வைக்கோல், கால்நடை என்று பலவற்றிலும் வருமானம் பார்த்த பண்ணை இது. போர் வெடிப்பதற்கு முன் ஜான் அந்த மாவட்டத்துப் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக இருந்தார். சுற்றின் தொடக்கத்தில் இந்தச் செய்திகளோடு சுவர்த்தாள், கடிகாரம், சாப்பாட்டு மேசை என்று அறை அறையாகப் பேச்சு நகர்கிறது. இத்தகைய மாளிகைகள் எல்லாவற்றிலும் வழக்கமாக வரும் பகுதிதான் அது. மரச்சாமான்களில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பிடிக்கும். என் மனம் அதில் ஒட்டவில்லை.

போரைப் பற்றிக் கொஞ்சமேனும் தெரிந்துகொண்டு உள்ளே போனால்தான் மற்றவை விளங்கும். 1864 இலையுதிர்காலத்தில் தென் மாநிலங்களின் முக்கிய நகரான அட்லாண்டா, அமெரிக்கக் கூட்டரசின் படையான வடபடையிடம் வீழ்ந்திருந்தது. அதைத் தக்கவைக்க முடியாமற்போன தென்படைத் தளபதி ஜான் பெல் ஹூட், டென்னசிக்குள் புகுந்து நாஷ்வில்லைப் பிடித்துவிட்டால் போரின் போக்கைத் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். நவம்பர் 29 இரவில், ஸ்பிரிங் ஹில் என்ற இடத்தில், ஜான் ஸ்கோஃபீல்டின் வடபடை ஹூட்டின் படை தங்கியிருந்த இடத்துக்கு வெகு அருகிலேயே சாலையில் நடந்து தப்பித்துப் போய்விட்டது. மறுநாள் ஃபிராங்க்ளினில் வடபடையினர் ஹார்பெத் ஆற்றைக் கடக்கப் பாலங்களைச் சீர்செய்துகொண்டே, ஊரின் தெற்கு ஓரத்தில் மண் அரண்களை எழுப்பி நின்றார்கள். ஹூட் தம் துணைத் தளபதிகளின் தயக்கத்தைப் பொருட்படுத்தாமல் நேருக்கு நேர் தாக்குதலுக்கு உத்தரவிட்டார். ஏறத்தாழ 20,000 வீரர்கள் மறைவே இல்லாத வெட்டவெளியில் மூன்று கிலோமீட்டர் அளவுக்கு அணிவகுத்து நடந்தார்கள். பிற்பகல் நான்கு மணியளவில் தொடங்கிய சண்டையின் பெரும்பகுதி இருட்டில், துப்பாக்கி முனையின் தீப்பொறி வெளிச்சத்தில் நடந்தது. ஐந்து மணி நேரத்தில் தென்படையில் மட்டும் ஏறத்தாழ 1,750 பேர் இறந்தார்கள். காயமுற்றோரையும் பிடிபட்டோரையும் சேர்த்தால் அவர்களின் இழப்பு 6,000-த்தைத் தாண்டியது. அரணுக்குள் இருந்த வடபடைக்கு ஏறத்தாழ 2,300 பேர் இழப்பு. அவர்களில் இறந்தோர் 200-க்கும் குறைவு.

கார்ன்டன் இந்தக் களத்தின் கிழக்கு முனையில் இருந்தது. தென்படையின் வலப்பக்கத்தில் வந்த லோரிங்கின் பிரிவு மெக்கவக் நிலத்தின் வழியாகத்தான் முன்னேறியது. எதிரில் வடபடையினர் ஓசேஜ் ஆரஞ்சு என்னும் முள்மரங்களை வெட்டிப் போட்டுத் தடுப்பு அமைத்திருந்தார்கள். அதில் சிக்கி நின்றவர்கள் குண்டுகளுக்கு இலக்கானார்கள். காயமுற்றவர்களைத் தூக்கிவர அருகில் இருந்த பெரிய கூரை இந்த வீடுதான். நள்ளிரவுக்குள் வடபடை ஆற்றைக் கடந்து நாஷ்வில்லுக்குப் போய்விட்டது. ஹூட்டின் கையில் மிஞ்சியது வெறுமையான அரணும் ஊர் முழுக்கக் குவிந்த உடல்களும்தான். அன்றிரவு ஃபிராங்க்ளினின் தேவாலயங்கள், நீதிமன்றக் கட்டடம், வீடுகள் என எல்லாமே மருத்துவமனைகளாயின.

சுற்றில் தவறவிடக்கூடாத இடம் மேல்மாடிதான். குழந்தைகளின் அறையாக இருந்ததை அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கினார்கள். அங்கே சன்னலோரத்தில் தரைப்பலகைகள் கருத்துக் கிடக்கின்றன. முதற்பார்வையில் பழைய மரத்தின் இயல்பான கறுப்பு என்றுதான் தோன்றும்; வழிகாட்டி கையால் காட்டிய பிறகே அதன் ஓரங்கள் கண்ணுக்குப் பிடிபடுகின்றன. கறை ஒரே சீராக இல்லை. சில பலகைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. பக்கத்துப் பலகையில் திட்டுத்திட்டாக நின்றுவிடுகிறது. நடுவில் ஓரிடம் கறையே இல்லாமல் வெளிறித் தெரிகிறது. வெளிச்சத்துக்காக மேசையைச் சன்னலருகே இழுத்துப் போட்டு, கை கால்களை அறுத்து எடுத்த மருத்துவர் எங்கே நின்றிருப்பார் என்று ஊகிக்க அந்தத் தரையே போதுமானதாக இருக்கிறது. எங்கள் குழுவை அழைத்துச் சென்றவர் இந்த அறையில் குரலை உயர்த்தவும் இல்லை, அழ வைக்க முயலவும் இல்லை. மயக்க மருந்தான குளோரோஃபார்ம் எப்படிப் பயன்பட்டது, அந்தக் காலத்து ஈயக்குண்டு எலும்பை ஏன் நொறுக்கியது, நொறுங்கிய எலும்பை ஏன் ஒட்ட வைக்க முடியவில்லை என்று விளக்கிவிட்டு, எங்களைப் பார்க்க விட்டுவிட்டார். நான் இதுவரை போன போர் நினைவிடங்களில் பலவும் இந்த அடக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த இரவில் வீட்டில் இருந்த குழந்தைகள் இருவர்: ஒன்பது வயது ஹேட்டியும் ஏழு வயது விண்டரும். கேரி மெக்கவக்குக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் மூவர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்கள். அவர் வீட்டிலிருந்த துணிகளை எல்லாம் கிழித்துக் கட்டுப் போடக் கொடுத்தார் என்பதும், உடையின் கீழ்ப்பகுதி இரத்தத்தில் நனைந்திருக்க அறைக்கு அறை நடந்தார் என்பதும் அன்றைய தென்படை அலுவலர் ஒருவரின் கடிதத்தின் வழியாகத் தெரியவருகின்றன. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 15, 16 ஆகிய நாள்களில் நாஷ்வில்லில் ஹூட்டின் படை சிதறி, இதே ஊர் வழியாகப் பின்வாங்கிப் போனபோது, நடக்க இயலாதவர்களை இங்கேயே விட்டுச் சென்றது. வடபடை திரும்பி வந்ததும் அவர்கள் கைதிகளானார்கள். நோயாளிகள் சிலர் மாதக்கணக்கில் இந்த வீட்டில் கிடந்தார்கள். மருத்துவமனை என்றதும் நாம் ஓரிரவை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் குடும்பத்துக்கும் வீட்டு வேலை செய்தவர்களுக்கும் அது ஒரு நீண்ட பருவம்.

பின்புறத் தாழ்வாரத்தைப் பற்றித்தான் இந்த வீட்டுக்கு வரும் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் முன்பே கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஃபிராங்க்ளினில் தென்படைத் தளபதிகள் ஆறு பேர் களத்திலோ, பட்ட காயத்தாலோ உயிரிழந்தார்கள். அவர்களில் பேட்ரிக் கிளிபர்ன், ஜான் ஆடம்ஸ், ஹைரம் கிரான்பரி, ஓதோ ஸ்டிரால் ஆகிய நால்வரின் உடல்கள் டிசம்பர் 1 காலையில் இந்தத் தாழ்வாரத்தில் கிடத்தப்பட்டிருந்தன. கிளிபர்னின் பெயரைக் கேட்டதும் நான் காத்திருந்தது ஒரு செய்திக்காக. வழிகாட்டி அதைத் தாமாகவே சொன்னார். அயர்லாந்தில் பிறந்த இந்தத் தளபதி, அதே 1864 ஜனவரியில், அடிமைகளுக்கு விடுதலை கொடுத்துத் தென்படையில் சேர்க்கலாம் என்று எழுத்து மூலம் முன்மொழிந்தவர். தென் மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் அதை வெளியே பேசவே கூடாதென்று அடக்கிவிட்டார். எதற்காகப் போரிட்டார்களோ அதையே விட்டுக்கொடுக்கச் சொன்ன ஒருவரின் உடல், அந்த முறைமையால் எழுந்த ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் கிடந்தது என்பதை நினைக்காமல் அந்தத் தூண்களைப் பார்ப்பதில் பொருளில்லை.

அடிமைப்படுத்தப்பட்டோரைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. தேயிலைத் தோட்டத்து பங்களாவையும் லயத்தையும் பார்த்து வளர்ந்த நம்மவர் எவரும் இப்படிப்பட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது, இதைத் துடைத்துக் கழுவியவர்கள் எங்கே தூங்கினார்கள் என்பதைத்தான். கார்ன்டனில் அதற்கு விடை தேடக் கொஞ்சம் நடக்க வேண்டும். மாளிகையின் ஒரு பக்கச் சுவரில், செங்கல்லின் மேல் சாய்வான கூரையின் தடம் ஒன்று பதிந்திருக்கிறது. அங்கே ஒட்டி நின்ற சமையற்கட்டுப் பகுதி 1909-இல் வீசிய சூறாவளியில் இடிந்து போனது; மீண்டும் கட்டவில்லை. வீட்டின் எஞ்சிய அறைகள் எல்லாம் பழையபடி அழகுபடுத்தப்பட்டிருக்க, அடிமைப் பெண்கள் நாள் முழுக்க வெந்த இடம் சுவரில் ஒரு கோடாக மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்க்க மறக்க வேண்டாம். வளாகத்தில் அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்றும் நிற்கிறது. அதற்குள் போய்ப் பார்க்கலாம்.

போரின்போது டென்னசியின் நிலை விசித்திரமானது. 1862-லேயே வடபடை ஃபிராங்க்ளினைக் கைப்பற்றிவிட்டது. ஆனால் 1863-இல் லிங்கன் வெளியிட்ட விடுதலை அறிவிப்பில் டென்னசி சேர்க்கப்படவில்லை. மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல்தான். வடபடை நெருங்கினால் அடிமைகள் தப்பி அவர்களிடம் போய்விடுவார்கள் என்று அஞ்சிய பண்ணையார்கள் பலர், அவர்களை இன்னும் தெற்கே உள்ள மாநிலங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். ஜான் மெக்கவக்கும் அப்படியே செய்தார். அப்படி அலபாமாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் மரையா ரெடிக். கேரியின் திருமணத்தின்போது சீதனப் பொருளைப் போலக் கொடுக்கப்பட்டவர் அவர். விடுதலைக்குப் பிறகு ஃபிராங்க்ளினுக்குத் திரும்பி வந்து, மெக்கவக் வீட்டில் கூலிக்கு வேலை செய்தார். 1922 வரை வாழ்ந்தார். அவர் ஏன் திரும்பி வந்தார் என்பதற்குப் பற்று, விசுவாசம் என்று இனிப்பான விளக்கங்களைச் சொல்வது தென் மாநிலங்களில் நெடுங்கால வழக்கம். கணவன், பிள்ளைகள், தெரிந்த ஊர், பிழைக்க ஒரு வேலை என்பவை அதைவிட இயல்பான காரணங்கள் என்பது என் எண்ணம். மாளிகைச் சுற்றைத் தவிர, அடிமைப்படுத்தப்பட்டோரின் வாழ்க்கையை மட்டுமே மையமாகக் கொண்ட தனிச் சுற்றையும் அறக்கட்டளை நடத்துகிறது. நேரமிருந்தால் இரண்டையும் எடுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், மாளிகையின் விரிவான சுற்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குடியிருப்பில் நின்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்டால் தயங்காமல் விடை சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வடமேற்கே, நடந்து போகும் தொலைவில் இருக்கும் கல்லறைத் தோட்டம் கார்ன்டனின் இன்னொரு பாதி. சண்டை முடிந்ததும் இறந்தவர்களை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத குழிகளில் புதைத்து, பெயர் எழுதிய பலகைகளை நட்டிருந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் பலகைகள் உளுத்தும் விறகாகியும் மறையத் தொடங்கின. உழவு மீண்டும் தொடங்கினால் எலும்புகள் மேலே வந்துவிடும் என்ற நிலை. 1866-இல் மெக்கவக் தம்பதியர் இரண்டு ஏக்கர் நிலத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஜார்ஜ் கப்பெட் என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு, உடல் ஒன்றுக்கு 5 டாலர் கூலிக்கு, 1,481 பேரைத் தோண்டி எடுத்து, மாநில வாரியாக வரிசைப்படுத்தி அடக்கம் செய்தது. மிசிசிப்பியின் பகுதியில்தான் அதிகம்: 424 பேர். வேலை நடக்கும்போதே ஜார்ஜின் தம்பி மார்செல்லஸ் நோயுற்று இறந்தார். அவரையும் அங்கேயே, டெக்சஸ் வீரர்களின் வரிசைத் தலைப்பில் புதைத்தார்கள். ஒவ்வோர் உடலிலும் கிடைத்த பெயர், படைப்பிரிவு முதலிய குறிப்புகளை ஜார்ஜ் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். பிறகு அதைக் கேரி பாதுகாத்தார். 1905-இல் இறக்கும் வரை, மகனையோ அண்ணனையோ தேடி எழுதியவர்களுக்கு அந்த நோட்டைப் பார்த்து விடை எழுதிக் கொண்டிருந்தார். அந்த நோட்டு இன்றும் இருக்கிறது.

அங்கே நின்றால் தெரிவது கணக்கின் பிடிவாதம்தான். முழங்காலளவுகூட உயராத சிறு கற்கள், அவற்றில் பெயரின் முதலெழுத்துகள், மாநிலத் தூண்களில் எண்ணிக்கை. பெயர் தெரியாதவர்கள் மட்டும் 500-க்கும் மேல். அதே களத்தில் இறந்த வடபடையினர் இங்கே இல்லை. அவர்களை மர்ஃபிரீஸ்பரோவில் உள்ள ஸ்டோன்ஸ் ரிவர் தேசியக் கல்லறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே இந்தத் தோட்டத்தில் நிற்கும்போது போரின் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள். தென்படையைப் புனிதமாக்கிப் போற்றும் பழக்கம் இந்த வட்டாரத்தில் நெடுங்காலம் கோலோச்சியது என்பதையும், இப்படிப்பட்ட தோட்டங்கள் அதற்குத் துணைபோயின என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. தங்கள் வீட்டில் உழைத்தவர்களின் பெயர்களை இதே அக்கறையோடு அன்று யாரும் ஒரு நோட்டில் எழுதி வைக்கவில்லை.

கார்ன்டனோடு சேர்த்து, அதே அறக்கட்டளை நடத்தும் கார்ட்டர் இல்லத்தையும் பார்க்க வேண்டும். முடிந்தால் அதை முதலில் பாருங்கள். 1830-இல் கட்டப்பட்ட அந்தச் சிறிய செங்கல் வீடு வடபடையின் அரணுக்கு நட்டநடுவில் அகப்பட்டுக்கொண்டது. குடும்பமும் அடிமைகளும் அக்கம்பக்கத்தாரும் நிலவறையில் பதுங்கியிருக்க, மேலே முற்றத்தில் கைகலப்பு நடந்தது. பண்ணை அலுவலகமாக இருந்த மரக்கட்டடத்தின் பலகைகளைக் குண்டுகள் சல்லடையாக்கிவிட்டன. வீட்டு மகன்களில் ஒருவரான டாட் கார்ட்டர் தென்படையில் இருந்து, தம் வீட்டுக்கு மிக அருகில் குண்டடிபட்டு, வீட்டுக்குள் தூக்கி வரப்பட்டு, டிசம்பர் 2 அன்று இறந்தார். சண்டை எவ்வளவு நெருக்கத்தில் நடந்தது என்பது அங்கேதான் புரியும்; அந்தச் சண்டையின் பின்விளைவு என்ன என்பது கார்ன்டனில் புரியும். வரிசையை மாற்றிப் பார்த்தவர்கள், கார்ன்டன் மேல்மாடியில் தரையைப் பார்க்கும்போது எதையோ தவறவிட்டதுபோல் உணர்வார்கள்.

இந்த மாளிகை நம் காலம் வரை வந்து சேர்ந்தது பெரிய வியப்புதான். 1911-இல் மெக்கவக் குடும்பத்தின் கையைவிட்டுப் போய், பல பத்தாண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்து, 1978-இல் உரிமையாளர்களால் பாதுகாப்புச் சங்கம் ஒன்றுக்குக் கொடையாக வழங்கப்பட்டது. கார்ட்டர் இல்லத்தையும் கார்ன்டனையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்த இப்போதைய அறக்கட்டளை 2009-இல் உருவானது. களத்தின் கதை இன்னும் மோசம்: கார்ட்டர் இல்லத்துக்கு அருகே தளபதி கிளிபர்ன் விழுந்த வட்டாரத்தில் பீட்சா கடை ஒன்று பல ஆண்டுகள் இருந்தது, 2005-இல்தான் அதை வாங்கி இடித்துப் பூங்காவாக்கினார்கள். கார்ன்டனை ஒட்டிய களப்பகுதி கோல்ஃப் மைதானமாக இருந்தது. அதையும் மீட்டு, நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பொதுப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். வீட்டுச் சுற்று முடிந்தபின் அந்தப் பாதையில் நடந்தால், லோரிங்கின் ஆட்கள் எவ்வளவு தூரம் மறைவின்றி வந்தார்கள் என்பதைக் கால்களே உணரும்.

சில நடைமுறைக் குறிப்புகள். நாஷ்வில்லிலிருந்து பேருந்தில் அழைத்துவந்து, மூன்று நான்கு இடங்களை ஒரே பிற்பகலில் காட்டித் திருப்பி அனுப்பும் சுற்றுலா நிறுவனங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றை நம்பிப் போன ஒருமுறை, மேல்மாடியிலிருந்து இறங்கியதும் வண்டிக்கு அழைத்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தைப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. சொந்தமாக வாகனம் ஏற்பாடு செய்துகொண்டு, இரண்டு வீடுகளுக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குவதே சரி. மேல்மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இரத்தக்கறை அறை தேவையில்லை. அவர்களுக்குத் தோட்டமும் புல்வெளியும் போதும். கடையில் போர் வரலாற்று நூல்கள் நன்றாகவே தேர்ந்தெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பொம்மைத் துப்பாக்கி, கொடி வகையறாக்களில் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

திரும்பும் வழியில் ஊரின் நடுச்சதுக்கத்தில் வண்டியை நிறுத்துங்கள். அங்கே 1899-இல் நட்ட தென்படை நினைவுத்தூணைச் சுற்றி, அடிமைச் சந்தை, கறுப்பின மக்கள் மீது நடந்த வன்முறை, வடபடையில் சேர்ந்த கறுப்பினப் போர்வீரர்கள் ஆகியவற்றைப் பற்றிய விளக்கப் பலகைகளை 2019-இல் நிறுவினார்கள். 2021-இல் கறுப்பினப் போர்வீரர் ஒருவரின் வெண்கலச் சிலையையும் எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் பலகைகளைப் படிக்கக் கட்டணம் கிடையாது. கால் மணி நேரம் போதும்.